உடலைத் தமிழில் படித்த நாட்கள்

திருத்தணி மலைக்கோயிலுக்குப் படிவழியாக ஏறுவோர், படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள் என்பது அவ்வூர் மரபு. ஆண்டின் கடைசி இரவில் படிகளுக்கே பூசை செய்யும் திருவிழாவும் அங்கு உண்டு. ஆனால் நூறு படி ஏறிய பிறகு படியை எண்ணுவோர் குறைவு. தம் மூச்சையும் நெஞ்சின் துடிப்பையும் அவர்கள் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவரை இருக்கிறதா என்றே நினைத்துப் பாராத உடல், அப்போது தன்னை நினைவூட்டுகிறது.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது என்ன? கைப்பிடியளவே உள்ள இதயம், நாம் ஓய்ந்திருக்கையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. படியேறும்போது தொடைத் தசைகள் கூடுதலாகப் பிராணவாயு கேட்கின்றன. அவ்வளவு இரத்தமும் இரண்டு மூன்று மடங்காகப் பெருக வேண்டியுள்ளது. நுரையீரல் விரைந்து விரிகிறது. குடலுக்குச் செல்லும் இரத்தத்தின் ஒரு பகுதி கால்களுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிறார உண்டுவிட்டு மலையேறாதே என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. கீழிறங்கிய இரத்தம் மீண்டும் மேலேறக் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் இரத்தக்குழாய்களைப் பிழிந்து உதவுகின்றன. பெரிய படிப்பு எதுவும் இன்றி, மண்டபத்தில் அமர்ந்து இளைப்பாறும் எவருக்கும் இதைத் தமிழில் சொல்லிவிட முடியும். ஆனால் சொல்வார் யார்?

ஒரு பெரியம்மாவின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், திருத்தணி வட்டாரத்தில் தறி நெய்து பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டைக் கையில் வைத்திருந்தார். என்னைப் படித்தவன் என்று எண்ணி அதை நீட்டினார்.

“தம்பி, எனக்கு பாங்கிரியாஸ்ல வீக்கமாம். அது உடம்புல எங்க இருக்குது?”

“பெரியம்மா, அதுக்குத் தமிழ்ல கணையம்னு பேரு” என்றேன், சற்றுப் பெருமையோடு.

“இதுவும் எனக்குத் தெரியாத பேருதானே, தம்பி” என்றார் அவர்.

என் பெருமை அங்கேயே உதிர்ந்தது. பிறகு, சோறு இறங்கும் இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டினாற்போல், சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குறுக்கே கிடக்கும் சுரப்பி அது என்றும், உணவைக் கரைக்கும் நீரையும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் அதுவே சுரக்கிறது என்றும் கையால் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த அவர் திடீரென்று, “முதுகை ஒட்டியா இருக்குது? எனக்கு முதுகும்தான் வலிக்குது. தறியில குனிஞ்சு குனிஞ்சு வந்த வலின்னு நெனச்சு டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார்.

கணைய வீக்கத்தின் வலி முதுகுக்குப் பரவுவது மருத்துவர்கள் நன்கறிந்த அடையாளம். அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. தம் உடலின் அமைப்பு தமக்குத் தெரியாததே அதற்குக் காரணம். மறுமுறை சென்றபோது அவர் அதைச் சொன்னார். உடற்கூற்று அறிவு மருத்துவருக்கு மட்டும் உரியது என்று அதுவரை எண்ணியிருந்த நான், அன்றோடு அந்த எண்ணத்தை விட்டேன்.

இதே கேள்வியை 170 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, அதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் ஒருவர் உண்டு. அவரிடம் செல்லும் பாதை ஒன்று திருத்தணியிலிருந்தே தொடங்குகிறது.

திருத்தணியிலிருந்து மானிப்பாய்க்கு

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், இளமையில் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்றார். அது அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் நடத்திய கல்லூரி. அந்த மிஷனை 1853-இல் நிறுவியவர்கள் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள். அவர்களுடைய சகோதரரான சைலஸ் ஸ்கட்டர் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஐடா ஸ்கட்டர் 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. இக்குடும்பத்தின் முதல்வரான ஜான் ஸ்கட்டர் முதலில் வந்து இறங்கியது தமிழ்நாட்டில் அன்று. 1820-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அவர் மருத்துவப் பணி தொடங்கினார். 1836-இல்தான் சென்னைக்கு வந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பணி, பின்பு சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இளைஞரின் கைக்கு வந்தது.

கிறீன் 1822-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டில். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து நோயாளிகளைப் பார்க்கலானார். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார்.

எதிர்த்திசையில் நடந்தவர்

கிறீன் செய்ததன் அருமை விளங்க, அக்கால இந்தியாவில் நடந்ததை நினைவுகூர வேண்டும். கல்கத்தாவில் 1822 முதல் நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பித்த அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. 1835-இல் அதை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியை அரசு திறந்தது. சென்னையிலும் அதே ஆண்டில் மருத்துவப் பள்ளி தோன்றியது. கல்கத்தாவில் 1836-இல் பண்டிதர் மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்து ஆராய்ந்தது, நாட்டின் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம். அறிவின் ஒரு கதவு திறந்தது. மொழியின் கதவு அதே வேளையில் சாத்தப்பட்டது.

கிறீனும் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரசு உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குச் செல்வதையும், கிராமங்கள் முன்போலவே மருத்துவர் இன்றிக் கிடப்பதையும் கண்டார். கிராமத்தில் தங்குவோர் வேண்டுமெனில் கிராமத்து மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடத்தினார். இருமொழிகளிலுமாக அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்கான உழைப்பு முன்பே தொடங்கியிருந்தது. கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியல், சுகாதாரம் பற்றிய தொடக்க நூலை ஐம்பதுகளிலேயே அவர் தமிழாக்கினார். 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரண வைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூல், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெரிய உடற்கூற்று நூலும் ‘வைத்தியாகரம்’ என்னும் நோய்மருத்துவ நூலும், 1875-இல் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ என்னும் உடலியல் நூல், 1884-இல் ‘இந்து பதார்த்த சாரம்’ என்று அடுத்தடுத்து வெளிவந்தன. அனைத்தையும் சேர்த்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஜோசுவா டான்போர்த், சாப்மன், வில்லியம் போல் ஆகிய தமிழ் மாணவர்களின் உழைப்பு இந்நூல்களில் கலந்துள்ளது. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். கல்விக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயரைத் தமிழ் மாணவர்க்குச் சூட்டுவது அக்கால மிஷன் பள்ளி வழக்கம். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே.

சொல் பிறந்த விதம்

நூற்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் அவருடைய மொழிபெயர்ப்பு முறையே புலப்படும். பிரசவம் மக்கள் நாவில் உள்ள சொல். அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ‘சுகரணம்’ வடமொழியின் துணையால் ஆக்கிய சொல். ‘கரணம்’ என்பது கருவி, செயல் என்னும் பொருள்களைத் தரும். உறுப்புகள் நன்கு செயற்படுதல் என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். தமிழிலும் வடமொழியிலும் தக்க சொல் அமையாத இடத்தில் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழுடை உடுத்திக் ‘கெமிஸ்தம்’ என்றார்.

இவற்றுள் ‘அங்காதிபாதம்’ தனி அழகுடையது. அச்சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவருக்குக் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய மரபு நினைவுக்கு வரும். முடிமுதல் அடிவரை, அல்லது அடிமுதல் முடிவரை இறைவனையோ தலைவனையோ வருணித்துப் பாடும் மரபு அது. பக்தன் இறைவன் திருமேனியை உறுப்புறுப்பாக நின்று நோக்குவதுபோல, மாணவன் மனித மேனியை நோக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுபோல் அச்சொல் ஒலிக்கிறது.

நம் மக்களும் தம் அளவில் உடலுக்குப் பெயரிட்டவர்களே. ஈரல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள். கெட்டியாக இருப்பது கல்லீரல். மண் நிறத்தில் மென்மையாக இருப்பது மண்ணீரல். காற்று நிறைந்து நுரைபோல் இருப்பது நுரையீரல். அறுத்துப் பார்த்தவரின் கைப்பட்ட அறிவு இப்பெயர்களில் உள்ளது. இறைச்சிக்கடையில் ‘சுவரொட்டி’ என்று கேட்டு வாங்குவது ஆட்டின் மண்ணீரலையே என்று சொன்னால், எவரும் அதன் வடிவை உடனே மனத்தில் காண்பர். திருத்தணி போன்ற எல்லையூரில் இன்னொரு நயமும் உண்டு. தெலுங்கில் நுரையீரலை ‘ஊபிரிதித்துலு’ என்பர். மூச்சுப் பைகள் என்று பொருள். தமிழன் அதன் பொருளமைப்பைக் கண்டு பெயரிட்டான்; தெலுங்கன் அதன் தொழிலைக் கண்டு பெயரிட்டான். ஒன்று உடற்கூறு, மற்றொன்று உடலியல். ஒரே தெருவில் இரண்டு பாடமும் இருக்கின்றன.

பழமையை மீறிக் கண்ட கண்கள்

ஐரோப்பியரும் இவ்வறிவை எளிதில் அடைந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியதையே 1300 ஆண்டுகள் மனித உடலின் உண்மையாகக் கற்பித்தனர். இத்தாலியின் பதுவா நகரில் கற்பித்த வெசாலியஸ், தாமே மனித உடலை அறுத்துக் கண்டவற்றை 1543-இல் படங்களுடன் வெளியிட்டார். உணவிலிருந்து ஈரலில் உண்டாகும் இரத்தம் உறுப்புகளில் தீர்ந்துபோகிறது என்பது காலனின் கொள்கை. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட்ட ஹார்வி, அவ்வளவு இரத்தத்தை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது, எனவே அதே இரத்தமே சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவினார். அது எவ்வழியே தமனியிலிருந்து சிரைக்குச் செல்கிறது என்பதை அவர் காணவில்லை. தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்து அந்த மயிரிழைக் குழாய்களை 1661-இல் கண்டவர் மல்பீகி. பிற்காலத்தில் அவர் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னசெந்துவின் மருத்துவராகப் பணியாற்றினார்.

இவ்வரிசையில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய இன்னொருவர், டென்மார்க் நாட்டு நீல்ஸ் ஸ்டென்சன். இதயம் உணர்ச்சியின் அரியணையோ உடற்சூட்டின் அடுப்போ அன்று, அது தசையே என்று 1660-களில் அறுத்துக் காட்டியவர் அவர். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, குருவாகி, 1677-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஏழ்மையில் வாழ்ந்து 1686-இல் மறைந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். இதயம் வெறும் தசை என்று கண்டதால் அவருடைய விசுவாசம் குன்றவில்லை. நாமும் நெஞ்சுருகி வேண்டுகிறோம். அந்த நெஞ்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கும் தசை என்பதை அறிந்துகொண்டு வேண்டினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

இந்த நூற்றாண்டுகளின் அறிவு முழுவதும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் அடைபட்டுக் கிடந்தது. அதை மானிப்பாயின் மாணவன் தன் தாய்மொழியில் வாசிக்கும்படி செய்ததே கிறீனின் சாதனை.

நிறையும் குறையும்

அவரைப் போற்றும்போது உண்மையையும் மறைக்கலாகாது. அவர் மருந்தோடு மதபோதனையும் வழங்கியவர். மிஷன் பணியின் அந்தப் பக்கத்தை நாவலர் போன்ற சைவப் பெரியோர் வன்மையாக எதிர்த்தனர். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆயினும் கிறித்தவராக மாறும் தமிழர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராக மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பண்பாட்டுமயமாதல் பற்றி நாம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பேசிவருவதை, பிரிந்த சபைச் சகோதரர் ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

மொழியிலும் குறை உண்டு. அவர் ஆக்கிய சொற்களில் வடமொழி மிகுதி. இன்று அங்காதிபாதத்தை உடற்கூற்றியல் என்றும், சுகரணத்தை உடலியல் என்றும் வழங்குகிறோம். அவருடைய சொற்களுள் பல மறைந்துவிட்டன. 1870-இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீன் 1873-இல் ஊர் திரும்பிய பின், தமிழ் வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. உத்தியோகமும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன.

எனினும் அவர் ஓயவில்லை. வூஸ்டரில் தம் இல்லத்தில் இருந்தபடியே தமிழ் நூல்களுக்காக உழைத்தார். ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே மாதம் காலமானார். தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதைக் குறிக்கும் சொற்களே அவர் விருப்பப்படி அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டன. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திருத்தணியின் மைந்தர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-இல் அளித்த அறிக்கையில், உயர்கல்வியில் ஆங்கிலத்தின் இடத்தை இயன்ற விரைவில் இந்திய மொழி பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. உலகப் பொதுவான அறிவியல் சொற்களை நம் மொழிகளின் ஒலிக்கேற்ப இணக்கி எடுத்துக்கொள்ளலாம் என்றும் அது கூறியது. ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டவர் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நாம் செய்யத்தக்கது

தறி நெய்யும் அந்தப் பெரியம்மா எனக்குக் கற்பித்த பாடத்தை மீண்டும் நினைக்கிறேன். பாங்கிரியாஸ் என்பதற்குப் பதிலாகக் கணையம் என்று சொன்னதோடு என் கடமை முடிந்ததாக எண்ணினேன். அவருக்கு இரண்டு சொல்லும் ஒன்றே. கையால் காட்டி, அருகமர்ந்து விளக்கிய பிறகுதான் அது அவருடைய உறுப்பாயிற்று. கிறீன் நூலெழுதியதோடு நிற்கவில்லை; அந்நூலைப் படித்தவர்களைக் கிராமத்துத் திண்ணைகளுக்கு அனுப்ப விரும்பினார். நூலின் நோக்கமே அதுதான்.

நம் பங்குகளில் செவிலியராகவும் மருத்துவராகவும் பணியாற்றும் அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் பலர் உள்ளனர். அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை, அரைமணி நேரம், ஓர் உறுப்பைப் பற்றி மட்டும் பேசச் செய்யலாம். இந்த மாதம் இதயம், அடுத்த மாதம் சிறுநீரகம். படம் கிடைத்தால் படம். இல்லையேல் தன் உடலையே தொட்டுக் காட்டினால் போதும். கூடியிருப்போர் வீட்டில் வழங்கும் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சுவரொட்டி போன்ற சொற்கள் இன்னும் எத்தனை அடுக்களைகளில் உள்ளனவோ! தெலுங்கு பேசும் வீட்டாரும் வந்திருந்தால் அவர்கள் சொல்லையும் கேட்போம்.

அடுத்த முறை திருத்தணிப் படிகளிலோ வேறெந்த மலையிலோ ஏறி, இளைத்து உட்காரும்போது, மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். உடன் வந்த பிள்ளையின் விரலையும் எடுத்து அங்கே வையுங்கள். அது என்ன என்று பிள்ளை கேட்கும். தமிழில் சொல்லுங்கள்.